பட்ஜெட் இல்லையாம்!

எதிர்வீட்டுப் பேரன் விஸ்காம் படிக்கிறான். போன ஆடி மாதம் ஒரு நாள் வந்து, "தாத்தா, உங்க திண்ணையில ஒரு குறும்படம் எடுத்துக்கவா? ரெண்டே நாள்தான்" என்று கேட்டான். கும்பகோணத்தில் ஓட்டு வீடும் திண்ணையும் மிச்சமிருக்கிற வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. நம் வீடு படத்தில் வரட்டுமே என்று சந்தோஷமாகச் சரி என்றேன். "பட்ஜெட்லாம் இல்ல தாத்தா, எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தான்" என்றான். அந்த "பட்ஜெட் இல்ல" என்கிற வார்த்தையோடுதான் இன்று எனக்குச் சண்டை.

கதை, மகனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் ஒரு கிழவரைப் பற்றியது. நடிக்க ஒப்புக்கொண்டவர் என் நண்பர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வயது 74, சர்க்கரை உண்டு. காலை ஆறு மணிக்கு ஷூட்டிங் என்றார்கள். அவர் ஐந்தே முக்காலுக்கே வேட்டி சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். கேமரா வந்தது ஒன்பதரைக்கு. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. அவர்கள் ஆசைப்பட்ட இளவெயில் அதற்குள் திண்ணையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. பிறகு மெமரி கார்டு போதவில்லை என்று ஒருவன் கடைக்கு ஓடினான். பேட்டரி சார்ஜ் இல்லை என்று இன்னொருவன் என் வீட்டு பிளக்கைத் தேடினான். எந்த ஷாட் முதலில் என்று மூன்று பேர் வாசலில் நின்று விவாதம். மதியம் ஒன்றரைக்குத் தமிழய்யாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டைப் பற்றி யாருமே யோசித்திருக்கவில்லை. என் வீட்டம்மா ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பிறகு தயிர்சாதம் பிசைந்து போட்டாள்.

மறுநாள் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. விடியற்காலையிலிருந்து ஒலிபெருக்கி. ஒரு வரி வசனம்கூடப் பதிவாகவில்லை. தெருவில் விசாரித்திருந்தாலே தெரிந்திருக்கும். படம் பாதியில் நின்றது. கேமரா வாடகைக்குப் பையனின் அம்மா தோட்டை அடகு வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பட்ஜெட் இல்லையென்று யார் சொன்னது? இருந்தது. தமிழய்யாவின் உடம்பு, அந்த அம்மாவின் தோடு, என் வீட்டு மின்சாரம், எட்டுப் பிள்ளைகளின் இரண்டு நாள் எல்லாம் அதில் சேர்த்தி. கணக்கில் எழுதாததால் செலவு இல்லையென்று ஆகிவிடுமா?

பையனிடம் கேட்டேன். "பதேர் பாஞ்சாலியே இப்படித்தான் தாத்தா எடுத்தாங்க. ஸ்பாட்ல வர்றதுதான் கலை" என்றான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. சத்யஜித் ராயிடம் காசு இல்லை என்பது உண்மை. இன்சூரன்ஸ் பாலிசியை வைத்துப் பணம் புரட்டினார், மனைவியின் நகை அடகுக்குப் போனது, வேலைக்குப் போய்க்கொண்டே விடுமுறை நாளில் படம் எடுத்தார். ஆனால் கேமராவைத் தொடுவதற்கு முன்பே காட்சிகளை மையால் படம் படமாக வரைந்து ஒரு நோட்டில் வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் தயாரிப்பாளர்களிடம் ஏறி இறங்கினார். 1952 அக்டோபரில் நாணல் பூக்காட்டில் முதல் நாள் எடுத்தார். அடுத்த வாரம் போனால் மாடுகள் பூவையெல்லாம் தின்றுவிட்டிருந்தன! அடுத்த பருவம்வரை காத்திருந்தார். தனக்கு எது வேண்டும் என்று தெரிந்தவனால்தான் அப்படிக் காத்திருக்க முடியும். 1955-ல் வெளிவந்த அந்தப் படத்தைத் திட்டமில்லாமைக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

நான் ரயில்வேயில் 34 வருடம் குப்பை கொட்டியவன். தண்டவாளம் மாற்ற இரண்டு மணி நேரம் லைன் பிளாக் கொடுப்போம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக ஆளும் தண்டவாளமும் கருவிகளும் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். பிளாக் கிடைத்த பிறகு ஸ்பேனர் தேடுகிறவனை நாங்கள் கலைஞன் என்று சொன்னதில்லை.

பணக்காரக் கம்பெனிக்கு ஒரு நாள் வீணானால் மறுநாள் எடுப்பார்கள். ஏழைப் பிள்ளைக்கு அந்த மறுநாள் கிடையாது. அதனால் அவனுக்குத்தான் திட்டம் அதிகம் வேண்டும். அதற்குக் காசும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஒரு பேனா. முதல் நாளே வந்து வெயில் எப்போது எங்கே விழுகிறது என்று பார்ப்பது. கிழவர் வரும் ஷாட்டுகளையெல்லாம் சேர்த்து எடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்புவது. சாப்பாட்டு நேரத்தை எழுதிவைப்பது. அவ்வளவுதானே?

இதைப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டமாட்டேன். முடிந்த படத்துக்கு மார்க் போடும் வாத்தியார்கள், ஷூட்டிங்குக்கு முன்னால் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து அதற்கும் பாதி மார்க் போட்டால் என்ன?

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாளை உங்கள் வாசலிலும் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். விரட்டாதீர்கள். "எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்னென்ன ஷாட், சாப்பாடு யார் பொறுப்பு?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், எழுதிக்கொண்டு வா என்று அனுப்புங்கள்.

என் திண்ணை இன்னும் இருக்கிறது. தமிழய்யாவும் தயார் என்கிறார், மீசையைக்கூட எடுக்காமல் வைத்திருக்கிறார். பையன் நோட்டோடு வரட்டும்.