அரசரின் நன்றி எங்களுக்கு எதற்கு?

தோழர்களே,

எங்கட ஆக்கள் சிலரின்ர நெஞ்சில இப்ப சார்ள்ஸ் மன்னரின் முடிசூட்டுப் பதக்கம் தொங்குது. கனடா முழுக்க 30,000 பேருக்கு அந்தப் பதக்கம் ஒதுக்கப்பட்டது. வாங்கினவர்களில் உண்மையாகவே மாடாய் உழைத்தவர்களும் இருக்கினம். அவர்களோட எங்களுக்குச் சண்டை இல்லை. கேள்வி வேற: எங்கட சனத்துக்குச் செய்த வேலைக்கு நன்றி சொல்ல ஒரு மன்னர் ஏன்?

'ரோயல் விக்டோரியன் ஓடர்' என்று ஒரு விருது இருக்கிறது. 1896இல் விக்டோரியா மகாராணி தொடங்கியது. அந்தக் காலத்தில் பெரும்பாலான பட்டங்கள் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே வழங்கப்பட்டன. ஆகவே யாரையும் கேட்காமல், தனக்குத் தனிப்பட்ட சேவை செய்தவர்களுக்குத் தானே கொடுப்பதற்கென்று இதை உருவாக்கினார். இன்றைக்கும் அது அரசரின் சொந்தப் பரிசுதான். கனடாவிலும் கொடுபடுகிறது: அரச குடும்பத்தின் பயணங்களை ஒழுங்குசெய்தவர்களுக்கு, ஆளுநர்களின் அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு.

ஒருவகையில் இது நேர்மையான விருது. 'எனக்குச் சேவை செய்தாய், இந்தா பிடி' என்கிறது. முடிசூட்டுப் பதக்கம் சட்டப்படி வேறு வகை. கனடிய அரசு வழங்குவது. ஆனால் நாங்கள் சனத்துக்குச் செய்த சேவை, அரசரின் முகம் பதித்த உலோகத்துக்குள்ள போனவுடன் அவருக்குச் செய்த சேவை மாதிரி ஆகிவிடுகிறது.

எங்கட வரலாற்றில இது புதுசில்லை. பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்குப் பாடசாலை கட்டியவர். 1921இல் 'சேர்' ஆனார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்குரிமை என்றபோது, அதை எதிர்த்து நின்றவரும் அவர்தான். பட்டம்தான் அவரை அப்படி ஆக்கியது என்று சொல்லவில்லை. ஆனால் முடி யாரைத் தேடிப்பிடித்து மேலே தூக்கி வைத்தது என்று பாருங்கோ.

அதே யாழ்ப்பாணத்தில் 1924இல் இளைஞர் காங்கிரஸ் உருவானது. சாதிக்கு எதிராகப் பேசினார்கள். முழு விடுதலை கேட்டார்கள். 1927இல் காந்தியை அழைத்து வந்தார்கள். ஒருவரும் பட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. நாங்கள் ஆற்றை பிள்ளைகள்?

'அங்கீகாரம் முக்கியம், அகதியாய் வந்த சனம் தலைநிமிர வேணும்' என்பார்கள். விளங்குது. அம்மம்மா அந்தப் படத்தை வட்ஸ்அப்பில எல்லாருக்கும் அனுப்பி மகிழ்வதும் விளங்குது. ஆனால் நாங்கள் நிற்கிற மண்ணைப் பாருங்கோ. ரொறன்ரோ நிலத்தை மிசிசாகா மக்களிடமிருந்து 1805இல் முடி 10 ஷில்லிங்குக்கு 'வாங்கியது'. அந்த மோசடி உள்ளிட்ட உரிமைக் கோரிக்கைகளுக்கு 2010இல்தான் 145 மில்லியன் டொலர் இழப்பீடு தீர்மானமானது. ஒரே மேடையில் முதலில் நில அங்கீகாரம் வாசித்துவிட்டு, பிறகு நிலம் பறித்த முடியின் பதக்கத்தைக் குத்திக்கொள்வது எப்படிச் சரி? நிலம் பறிகொடுத்து வந்த எங்களுக்கு இது விளங்க வேண்டாமா?

பட்டங்களில் கனடாவுக்கே ஒருகாலத்தில் வெட்கம் வந்தது. 1919இல் நிக்கல் தீர்மானத்தின் வழியே, கனடியருக்கு இனிப் பட்டம் கொடுக்க வேண்டாம் என்று நாடாளுமன்றம் மன்னரைக் கேட்டது. நூறு வருடத்துக்குப் பிறகு நாங்கள் வரிசையில் நின்று வாங்குகிறோம்!

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரிந்துரைப் படிவம் உங்கள் சங்கத்துக்கு வந்தால், நிரப்பாமல் கூட்டத்தில் விவாதத்துக்கு வையுங்கோ. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நாங்களே சொல்லுவம்: மண்டபம் துடைக்கிறவருக்கு, இரவு வேலை முடித்து நேரே ஊர்வலத்துக்கு வந்தவருக்கு, அகதி வழக்குகளுக்கு இலவசமாக மொழிபெயர்க்கிற அக்காவுக்கு. அதற்கு அரசரின் முகம் தேவையில்லை.

தோழமையுடன்.