சைக்கிளில் கடைக்கு வந்தால் கடன் கிடைக்காதா?

அண்மையில் ஒரு நாள் இஷாவுக்குப் பின்னர் ஏறாவூர் வர்த்தகர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு கடையின் மேல்மாடியில் கூடியிருந்தோம். பேச வேண்டிய விடயம் வடிகான். வழமை போல அது முடிவின்றி நின்றபோது, கூட்டத்தில் இருந்த ஒரு இளைஞர் எழுந்து வேறொரு யோசனையைச் சொன்னார். ஜூன் 3 ஆம் திகதி உலக சைக்கிள் தினமாம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018 இல் அதைப் பிரகடனப்படுத்தியதாம். அன்றைய தினம் நமது ஊரில் கடைக்காரர், உத்தியோகத்தர், ஆசிரியர் எல்லோருமாகச் சைக்கிளில் வேலைக்குப் போவோம் என்றார். உடனே ஒருவர், "தம்பி, ரீ-சேர்ட்டுக்கு யார் ஸ்பொன்சர்?" என்று கேட்டார். அதன் பிறகு பேச்சு முழுவதும் ரீ-சேர்ட்டின் நிறத்திலேயே போய்விட்டது.

நான் அந்த இளைஞரின் பக்கம். ஆனால் அன்றிரவு சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்த சில விடயங்கள் உள்ளன. இது வியாபாரப் பத்தி என்பதால் அவற்றை இங்கே எழுதுவதில் தப்பில்லை.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுபஹ் தொழுகை முடிந்து பிரதான வீதியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மேசன், தச்சன், மீன் பெட்டி கட்டியவர், கூலி வேலைக்குச் செங்கலடிப் பக்கம் போகிறவர் எனப் பலரும் சைக்கிளில்தான் போகிறார்கள். கரியரில் சாப்பாட்டுப் பார்சல், ஹேண்டிலில் கருவிப் பை. இவர்களுக்கு எந்தத் தினமும் தேவையில்லை. இவர்களை அழைத்து ரீ-சேர்ட் கொடுத்துப் படம் பிடித்தால் அவர்களே சிரிப்பார்கள். சைக்கிளை விட்டவர்கள் நாம்தான். கடை முதலாளிகள், அரச உத்தியோகத்தர்கள், வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுப் பிள்ளைகள். நமது வீட்டுக்கும் கடைக்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு கிலோமீற்றர் கூட இல்லை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் பாய் விரித்தது போலக் கிடக்கிற ஊர் இது.

என் வாப்பா புடவை வியாபாரி. கடை கிடையாது. சைக்கிளின் பின்னால் சாரமும் சேலையும் கட்டிக்கொண்டு வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி, கிரான் என்று போவார். மறு பக்கம் கரடியனாறு வரைக்கும் போய் வந்திருக்கிறார். தமிழ் வீடுகளில் தவணைக்குக் கொடுத்துவிட்டு அறுவடை முடிந்ததும் வசூலிப்பார். கொப்பியில் எழுதியதை விட மனதில் வைத்திருந்த கணக்கு அதிகம். அந்தக் கிராமங்களில் அவரைச் சைக்கிள் மணிச் சத்தத்தில் அடையாளம் காண்பார்களாம். எங்கள் முதற் கடையின் முதல், அந்தச் சைக்கிளில் வந்த பணம்தான். கடை திறந்ததும் வாப்பா செய்த முதல் வேலை ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் மிதித்த மனிதன் கால் ஆற நினைத்ததில் என்ன பிழை? ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சைக்கிள் என்றால் வறுமைக் காலத்து ஞாபகமாகிவிட்டது. ஊரில் பல வீடுகளிலும் இதே கதைதான்.

பிறகு 2022 வந்தது. வாசகர்களுக்கு அதை நான் விவரிக்கத் தேவையில்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூன் 27 ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அந்த நாட்களில் நாடு முழுவதும் சைக்கிளில் வேலைக்குப் போனது. யாரும் தினம் கொண்டாடவில்லை, ஆனால் தினமும் நடந்தது.

நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய காலம். ஒரு வருடத்துக்கு முன் 25,000 ரூபாவுக்குள் கிடைத்த வகையை 62,000 ரூபாவுக்கு வாங்கினேன். வியாபாரியாக நான் செய்த மோசமான கொள்வனவுகளில் அதுவும் ஒன்று. வரிசை நீண்ட பிறகு சைக்கிள் வாங்க ஓடுவது, வெள்ளம் வந்த பிறகு குடை வாங்குவது போல. ஆனால் ஓட்டினேன். முதல் வாரம் முழங்கால் வலித்தது. மூன்றாவது வாரத்திலிருந்து லுஹருக்கு வீட்டுக்குப் போய் வருவது ஒரு சுகமாகவே இருந்தது. இரத்தத்தில் சீனியின் அளவும் இறங்கியதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2023 செப்டெம்பர் 1 ஆம் திகதி கியூஆர் முறை நீக்கப்பட்டது. எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் இந்தப் பத்தியை எழுத வைத்தது.

கொழும்பிலிருந்து சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி மாதம் ஒரு முறை வருவார். நான் சைக்கிளை நிறுத்திப் பூட்டுவதைக் கண்டார். "என்ன ஹாஜியார், வாகனத்தை வித்திட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் 45 நாள் காசோலைக்குத் தரும் சரக்கை, இம்முறை காசுக்கு எடுங்கள் என்றார். மேலிடத்து உத்தரவு என்றார். இருக்கலாம். ஆனால் பக்கத்துக் கடைக்கு அந்த உத்தரவு பொருந்தவில்லை. அதற்கடுத்த கிழமை சீட்டுப் பிடிக்கும் ஒருவர், என்றைக்கும் இல்லாத விதமாக, என் தவணையை மூன்று நாள் முந்தி வந்து கேட்டார். நான் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன். கடன் வசதியும் திரும்பி வந்தது. சைக்கிள் இப்போது களஞ்சியத்தில், வெற்றுப் பெட்டிகளுக்குப் பின்னால் நிற்கிறது.

இதில் என் கோழைத்தனத்துக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நமது ஊர் வியாபாரம் பத்திரத்தில் நடப்பதில்லை, பார்வையில் நடக்கிறது. யார் எதில் வந்து இறங்குகிறார், யார் வீட்டுக்கு மேல்தட்டுப் போடுகிறார் என்று பார்த்தே கடன் கொடுக்கிறோம். நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். சைக்கிளில் வரும் முதலாளி முறிந்துபோன முதலாளி என்ற எண்ணம் இருக்கும்வரை எந்தத் தினத்தை நடத்தினாலும் மறுநாள் எல்லோரும் பழைய வாகனத்தில்தான் வருவார்கள்.

சைக்கிளில் எவ்வளவு மிச்சம் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், ஊருக்குள் மட்டும் ஓடுகிறவருக்குப் பெற்றோலில் பெரிய மிச்சம் இல்லை. நாளைக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடினால், லீற்றருக்கு 40 கிலோமீற்றர் கணக்கில், கால் லீற்றர் கூடச் செலவாகாது. 470 ரூபா விலையிலும் அது 94 ரூபாதான். ஒரு நாள் மட்டும் தினம் நடத்தினால் ஆளுக்கு மிஞ்சுவது ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும். ரீ-சேர்ட்டின் செலவுக்குக் காணாது.

உண்மையான செலவு லீசிங். என் கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், அரைக் கிலோமீற்றர் தூரத்திலிருந்து வருகிறவர், தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலையும் ஏறியிருந்த நேரம் அது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு தவணைக்குப் போனது. மாதம் 20 ஆம் திகதியானால் என்னிடம் முற்பணம் கேட்பார். ஒரு நாள் கோபத்தில், "வாப்பாட சைக்கிள் வீட்டில சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "காக்கா, நீங்களே சைக்கிளை விட்டுட்டீங்க. நான் சைக்கிளில வந்தா எனக்கு யார் பொண்ணு குடுப்பாங்க?" எனக்குப் பதில் வரவில்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தானே சின்னவர்கள் கடன்படுகிறார்கள்?

வெளியூர் அனுபவத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் சைக்கிளில் வேலைக்குப் போகும் தினம் 1956 முதல் நடக்கிறது. வருடத்தில் ஒரு நாள், மே மாதத்தில். இத்தனை காலமாகியும் அந்த நாட்டில் கார்தான் அரசன். நெதர்லாந்தில் 1973 எண்ணெய் நெருக்கடியின்போது நவம்பர் 4 ஆம் திகதி முதல் கார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை அரசாங்கம் கொண்டுவந்தது. அதோடு நிற்காமல், வீதிகளில் பிள்ளைகள் வாகனம் மோதிச் சாவதை எதிர்த்துப் பெற்றோர் கிளர்ந்தனர். நகர வீதிகள் மெல்ல மெல்லச் சைக்கிளுக்கு ஏற்றவையாக மாறின. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 இல் தொடங்கிய பழக்கம், ஒவ்வொரு ஞாயிறும் முக்கிய வீதிகளை வாகனத்துக்கு மூடிச் சைக்கிளுக்குத் திறப்பது, இன்றும் தொடர்கிறது. வருடத்துக்கு ஒரு நாளும் வாரத்துக்கு ஒரு நாளும் ஒன்றல்ல என்பதற்கு இவை போதும். புதுக்கோட்டையில் 1990களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியது. அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். நமது ஊரில் ஆசிரியை ஸ்கூட்டியில் போனால் பேசாத வாய், சைக்கிளில் போனால் பேசும். ஏன் என்று அந்த வாயையே கேட்க வேண்டும்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் யோசனை இதுதான். ஜூன் 3 ஐ விடுங்கள். அது கச்சான் காற்று அனலாய் வீசும் காலம். பத்து மணிக்குத் தார் வீதியில் சைக்கிள் மிதித்த உத்தியோகத்தர் அடுத்த வருடம் உங்கள் பக்கமே வரமாட்டார். மாரி மழை ஓய்ந்த பெப்ரவரியில் தொடங்குங்கள். ஒரு நாள் அல்ல, வாரத்தில் ஒரு நாள் வையுங்கள். திருகோணமலை வீதியில் நெடுந்தூர பஸ்கள் பறக்கின்றன, அதில் ஊர்வலம் வேண்டாம். உள்வீதிகள் போதும். கடை வாசல்களில் படியைக் கானுக்கு மேல் இழுத்துக் கட்டிவிட்டோம், சைக்கிள் சாத்த இடமில்லை. கடைக்கு இரண்டு சைக்கிள் நிற்கும் இடத்தை நாமே ஒதுக்குவோம். அதற்கு நகர சபையை எதிர்பார்க்கத் தேவையில்லை.

முக்கியமாக, முதல் வாரம் மாணவர்களை அழைக்காதீர்கள். ஊரில் பெரிய கொடுக்கல் வாங்கல் உள்ள பத்து முதலாளிகளின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அரிசி ஆலை, ஹாட்வெயார், நகைக்கடை. அவர்கள் பத்துப் பேரும் ஒரே காலையில் சைக்கிளில் வந்து இறங்கினால் எந்தப் பிரதிநிதி யாருடைய காசோலையை மறுப்பார்? தனியாகப் போன என்னைச் சந்தேகித்தார்கள். பத்துப் பேரைச் சந்தேகித்தால் அவர்களுக்கு விற்க ஊரில் கடை இருக்காது.

பத்தில் ஒருவனாக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். நேற்று களஞ்சியத்திலிருந்து சைக்கிளை இறக்கித் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். டயர் பரவாயில்லை, இரண்டு டியூப்பும் உக்கிவிட்டன, செயின் மாற்ற வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.