பள்ளிக்கூடத்தில் சித்திரம் எதற்கு?

பள்ளிக்கூடச் செலவைக் குறைக்க வேண்டுமென்ற யோசனை எங்கே கிளம்பினாலும் முதலில் கத்தி விழுவது சித்திர வகுப்பின் மீதும் பாட்டு வகுப்பின் மீதுந்தான். கணக்கு வாத்தியாரை எடுத்தால் ஊர் கேட்கும். சித்திர வாத்தியாரை எடுத்தால் கேட்பாரில்லை என்ற தைரியமே இதற்குக் காரணம். சரி, பிள்ளைகளாவது கேட்கலாமென்றால், "பெரியவர்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?" என்று வாயை அடைத்து விடுகிறார்கள். பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் நார்போக் ஜில்லாவில் பர்ஸ்டன் என்று ஒரு சிறு கிராமம். அங்கே ஆனி ஹிக்டன் என்ற அம்மையாரும் அவர் கணவர் டாம் ஹிக்டனும் உபாத்தியாயர்களாயிருந்தார்கள். டாம் ஹிக்டன் பண்ணைக் கூலிகளைச் சங்கமாகச் சேர்த்தார். 1913-ல் கிராம சபைத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அதே தேர்தலில் ஊர்ப் பாதிரியார் தோற்றார். அந்தப் பாதிரியாரேதான் பள்ளிக்கூட நிர்வாக சபைக்கும் தலைவர். பிறகு கேட்க வேண்டுமா? மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் துணியை உலர்த்த அனுமதியின்றி நெருப்பு மூட்டினார்கள் என்பது முதலான குற்றங்கள் கிளம்பின. இருவர் வேலையும் போயிற்று.

வீட்டுக்கும் கூலிக்கும் பண்ணைக்காரர்களை நம்பியிருந்த பெற்றோர்கள் என்ன செய்வார்கள்? 1914 ஏப்ரல் 1-ந் தேதி வயலட் பாட்டர் என்ற 13 வயதுச் சிறுமி முன்னே செல்ல, 72 பிள்ளைகளில் 66 பேர் எங்கள் உபாத்தியாயர்கள் எங்களுக்கு வேண்டும் என்று ஊர்வலம் கிளம்பினார்கள். பெற்றோர்களுக்குக் கோர்ட்டில் அபராதம் விழுந்தது. பாதிரியார் தமது மானிய நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த ஏழைகளை வெளியேற்றினார். ஆயினும் பிள்ளைகள் பணியவில்லை. ஊர்ப் புல்வெளியிலும், பின்பு ஒரு தச்சுப் பட்டறையிலும் பாடம் நடந்தது. தொழிலாளர் சங்கங்களின் பணத்தால் 1917-ல் எழுந்த புதுப் பள்ளிக்கூடத்தை அதே வயலட்தான் திறந்து வைத்தாள். அது 1939 வரை நடந்தது.

நிற்க. "உபாத்தியாயர் வேண்டுமென்பது சரி, சித்திரம் சோறு போடுமா?" என்பார்கள். தச்சனுக்கும் கொத்தனுக்கும் நெசவாளிக்கும் சோறு போடுவது எது? கண் அளந்ததைக் கை வரையும் பழக்கமல்லவா? அது போகட்டும். சோற்றுக்கு உதவாதது வேண்டாமென்றால் பணக்காரன் ஏன் தன் மகளுக்கு வீட்டிலேயே பாட்டு வாத்தியாரும் சித்திர வாத்தியாரும் வைக்கிறான்? பள்ளிக்கூடத்தில் சித்திரத்தை நிறுத்தினால் அவன் பிள்ளைக்கு ஒரு நஷ்டமுமில்லை. வர்ணக்குச்சியைப் பள்ளிக்கூடத்திலன்றி வேறெங்கும் தொட்டறியாத கூலிக்காரன் பிள்ளைக்கே முழு நஷ்டமும்.

இது யாரிடமும் யாசிக்கும் சலுகையுமல்ல. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேலிருந்தால் கலைக்குப் பகுதி நேர உபாத்தியாயர் வேண்டுமென்கிறது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-ல் சித்திரம், தேகப்பயிற்சி, தொழிற்கல்வி முதலியவைகளுக்கு 16,000-க்கு மேற்பட்டவர்களை நியமித்தார்கள். கொடுத்த சம்பளமோ மாதம் 5,000 ரூபாய்! கலைக்கு நம்மவர்கள் வைத்த மதிப்பு அவ்வளவுதான். 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 1992-ல் இந்தியாவும் ஒப்புக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோ, கலையில் பங்குபெறவும், தன்னைப் பற்றிய விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லவும் குழந்தைக்கு உரிமையுண்டு என்கிறது.

"பிள்ளைகளை யாரோ தூண்டிவிடுகிறார்கள்" என்பது கடைசி ஆயுதம். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால் சொந்த புத்தி, ஏன் என்று கேட்டால் மாத்திரம் தூண்டுதலோ?

ஆகவே தோழர்களே! உங்கள் மகள் தன் பள்ளிக்கூடத்துச் சித்திர வகுப்பை நிறுத்தக்கூடாதென்று ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தால் அவளை அதட்டாதீர்கள். படித்துப் பாருங்கள், நியாயமென்று உங்கள் புத்திக்குப் பட்டால் முதல் கையெழுத்தை நீங்களே போடுங்கள்.