பணம் போகலையே, எதுக்குப் புகார்?

சகோதரிகளே, போன மாதம் ஒருநாள் காலைச் சமையலை முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன். எங்கள் வங்கியின் பெயரில், அதன் சின்னத்தோடு ஓர் ஈமெயில். இன்று மாலைக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்களாம்! அனுப்பிய முகவரியை உற்றுப் பார்த்தேன். வங்கியின் பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.

நமக்கு வந்தது ஊரில் இன்னும் நாலு பேருக்கும் வந்திருக்குமே என்று வங்கிக்கு ஓடினேன்.

"பணம் போச்சுங்களா?" என்றார் அங்கிருந்தவர்.

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க புகாரு? அழிச்சுப் போடுங்க."

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். அந்த ஈமெயிலை வங்கிக்கே அனுப்பினேன். 'கிடைத்தது' என்று இயந்திரம் பதில் போட்டது. அதோடு சரி.

மூன்றாம் நாள், தறி ஓட்டும் பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டு வந்தாள். "அக்கா, பேங்க் மெயிலுன்னு நம்பிப் பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாம் போட்டுட்டேனுங்க. பன்னெண்டாயிரம் போயிருச்சுங்க்கா!" மகளுக்குக் கட்ட வைத்திருந்த பணம். உடனே 1930-க்குச் சொல்லி, வங்கியிலும் கணக்கை நிறுத்தினோம். மீதிப் பணம் தப்பியது. என் புகாரை அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தப் பன்னிரண்டாயிரமும் தப்பியிருக்குமோ என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது.

இது புதிய மோசடி அல்ல. 2007-லேயே அபுதாபியில் வேலை பார்த்த தமிழர் ஒருவர் இப்படி ஒரு ஈமெயிலை நம்பி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக் கணக்கிலிருந்து ஆறு லட்சத்துக்கு மேல் இழந்தார். தவறு அவருடையது என்றது வங்கி. அவர் விடவில்லை. 2010 ஏப்ரலில் தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நாமே ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று அது சொன்னது. புகார் செய்ததும் புகார் எண்ணும் தரச் சொன்னது. ஆகவே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், புகார் எண்ணை, தேதி, மணியோடு பால் கணக்கு நோட்டிலாவது குறித்து வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். பணம் போய்விட்டால், அழுதுகொண்டிருக்காமல் அந்த நிமிஷமே 1930.

ஈமெயிலில் வந்த சுட்டியை மட்டும் தொடவே தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

காவிரியில் தண்ணீர் ஏறுவதைக் கண்டவள், தன் வீடு நனையவில்லையே என்று சும்மா இருப்பாளா? தெருவையே எழுப்ப மாட்டாளா? வங்கி கேட்காவிட்டால் என்ன, பக்கத்து வீட்டில் கேட்பார்கள். இன்று சாயங்காலமே சொல்லிவிடுங்கள்.