முதலில் விளையாட்டு, பிறகு கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் திருவிழாதான். பள்ளி விட்டு வந்த பிள்ளை பையை வீசிவிட்டு நேராக மவுஸைப் பிடிக்கிறது. "மூளைக்கு வேலை தரும் கேம்ஸ்தானே, ஆடட்டும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். இது சரிதானா?

மூளைக்கு வேலை தருவது விரல்கள் மட்டுமல்ல, கால்களும்தான். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 2009ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 9 வயதை ஒட்டிய 20 பிள்ளைகள் ஒரு நாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் நடந்த பிறகும், இன்னொரு நாள் சும்மா உட்கார்ந்திருந்த பிறகும் தேர்வு எழுதினார்கள். நடந்த நாளில்தான் கவனம் கூடியது. படித்துப் புரிந்துகொள்ளும் திறனும் உயர்ந்தது.

2010ல் அதே பல்கலைக்கழகத்தில் 9, 10 வயதினரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உடல்தகுதி மிக்க பிள்ளைகளுக்கு ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுமார் 12 சதவீதம் பெரிதாக இருந்தது. புதிய நினைவுகளை 'சேவ்' செய்ய உதவும் பகுதி இது. ஓட்டம்தான் காரணம் என்று இந்த ஒரு ஸ்கேனை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாது.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

எங்கள் திருவையாற்றில் இதற்குச் செலவே இல்லை. நடக்கக் காவிரிக்கரை இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்தால் வயலே கிரிக்கெட் மைதானம். இடத்துக்குக் குறைவில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். பி.டி. பீரியடில் கணக்குப் பாடம், மாலையில் டியூஷன், இரவில் கம்ப்யூட்டர் என்றால் அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்?

கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். விண்டோஸ் 11ல் 'செட்டிங்ஸ்' சென்று 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் 'ஃபேமிலி'யைத் திறந்து, பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்குங்கள். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று அதில் வரம்பு வைக்கலாம். மாலை 6.30க்கு முன் கம்ப்யூட்டர் கிடையாது என்று செட் செய்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு மட்டும் போதாது. அந்த ஒரு மணி நேரம் நீங்களும் பிள்ளையோடு வெளியே கிளம்புங்கள். கம்ப்யூட்டர் எங்கும் போய்விடாது.