மறுப்பவரா, மறைப்பவரா?

பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை ‘அப்படி ஒன்று நடக்கவே இல்லை’ என்று சொல்பவரைச் சிறையில் அடைக்கலாமா? 2024 செப்டம்பரில் கனடா நாடாளுமன்றத்தில் லியா கசான் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா இந்தக் கேள்வியை முன்வைத்தது. அந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமார் ஒன்றரை லட்சம் பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசுப் பணத்தில் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் வளர்க்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை கிடைத்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. 2008இல் அரசு மன்னிப்புக் கேட்டது. 2015இல் உண்மை, நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றது. இத்தனைக்குப் பிறகும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். மசோதா சட்டமாகவில்லை. கேள்வி மட்டும் நிற்கிறது, நமக்கும் சேர்த்து. கொடுமையை மறுக்கும் வாயைவிட, கொடுமையை மறைக்கும் கோப்புதான் பழங்குடிகளுக்கு அதிகத் தீங்கு செய்திருக்கிறது. தண்டனைச் சட்டம் முதலில் அந்தக் கோப்பை எழுதிய கையைப் பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குச் சான்று தேடிக் கனடா வரை போக வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அங்கே புகுந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அரசுத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. அடிபட்டவர்கள் மீதே கடத்தல் வழக்குப் பாய்ந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்து நீதிமன்றம் போன பிறகு, 1995இல்தான் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அதை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

1992இல் மறுப்பைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று இருந்திருந்தால் அதை யார் கையில் எடுத்திருப்பார்கள்? வழக்குப் போடுவது காவல்துறை, நடத்துவது அரசு வழக்கறிஞர், ‘நடந்தது இதுதான்’ என்று சான்று தருவது வருவாய்த்துறை. அன்றைய அரசு ஆவணங்களின்படி அது கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போன சோதனை. அந்த ஆவணத்தை மறுத்தவர்கள் வாச்சாத்திப் பெண்கள். அதிகாரப்பூர்வமான வரலாற்றுக்குத் தண்டனைச் சட்டத்தைக் காவல் வைத்தால், அந்த வரலாற்றை எதிர்த்துப் பேசும் எளியவர்தான் முதலில் கூண்டில் ஏறுவார். தீர்ப்பு வரப் பத்தொன்பது ஆண்டுகள் ஆனதற்கு, பொய் பேசியவரைத் தண்டிக்கச் சட்டம் இல்லாதது காரணமல்ல. உண்மையைப் பதிய வேண்டியவர்கள் பதிய மறுத்ததே காரணம்.

பழங்குடி ஊருக்கு வெளியேயும் இந்த மறைப்பு இப்படித்தான் நடக்கிறது என்பதை நம் சாத்தான்குளம் அறியும். 2020 ஜூனில் காவலில் வதைக்கப்பட்டு இறந்த தந்தை, மகன் மீது போடப்பட்ட முதல் தகவல் அறிக்கை, அவர்கள் தரையில் புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்றது. காவல் நிலையக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். கடைகளை அடைத்து நியாயம் கேட்க இங்கே கடைவீதி இருந்தது, செய்திக் கேமராக்கள் வந்தன, தமிழகமே கொதித்தது. மலையடிவாரத்தில் பட்டா இல்லாத, எழுத்தறியாத குடும்பத்துக்கு இவற்றில் எது இருக்கிறது? அவர்களைப் பற்றி அதிகாரி எழுதியதே கடைசி வார்த்தையாகிவிடுகிறது.

யூதப் படுகொலையை மறுப்பது ஜெர்மனியில் குற்றமாயிற்றே, பழங்குடிகளுக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே வரிசையைப் பார்க்க வேண்டும். முதலில் நியூரம்பர்க் விசாரணை. ஆவணங்கள் மேசைக்கு வந்தன. அரசே தன் நாட்டின் குற்றத்தை ஏற்றது. அதன் பிறகே அந்தத் தடை. ஒப்புக்கொள்ளாத அரசின் கையில் அதே சட்டம் வேறு ஆயுதம். இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. மறுப்பு வெறும் கருத்தல்ல, பாதிக்கப்பட்டவரைப் பொய்யர் என்று ஊரறியச் சொல்வது, பழைய காயத்தைத் திரும்பக் கிழிப்பது. உண்மைதான். அந்த அவமதிப்புக்கு நம்மிடம் ஏற்கெனவே சட்டம் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையையும் வெறுப்பையும் வளர்க்கும் பேச்சைக் குற்றமாக்குகிறது. வரலாற்றைச் சாக்காக வைத்து ஒரு சமூகத்தை இழிவுபடுத்துபவர் மீது அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வரலாறு பற்றிய தவறான கருத்துக்குத் தனிக் குற்றம் தேவையில்லை.

கனடாவே இதற்கும் பாடம் சொல்கிறது. 2021இல் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் தரையை ஊடுருவும் ராடார் கொண்டு தேடியபோது 215 குழந்தைகளின் உடல் எச்சங்கள் தெரிந்ததாக அறிவிக்கப்பட்டது; பின்னர் அவை புதைகுழிகளாக இருக்கக்கூடிய இடங்கள் என்று திருத்திச் சொல்லப்பட்டது. அங்கே தோண்டிப் பார்க்கவில்லையே என்று கேட்பவர்களில் நேர்மையான ஆய்வாளரும் உண்டு, பள்ளிகளின் கொடுமையையே மறைக்க அதைப் பிடித்துக்கொள்பவரும் உண்டு. இருவரையும் பிரித்தறியும் நுட்பம் தண்டனைச் சட்டத்துக்கு இல்லை. அதே நாட்டில் பீட்டர் பிரைஸ் என்ற அரசு மருத்துவர், அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் காசநோயால் மடிவதை 1907லேயே அறிக்கையாக எழுதினார். அரசு அசையவில்லை. பணி ஓய்வுக்குப் பின் 1922இல் அவரே அதைத் தேசியக் குற்றம் என்று நூலாக வெளியிட்டார். அந்த அறிக்கையை மதித்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. யாரையாவது காப்பாற்றப் பொய் ஆவணம் எழுதும் அரசு ஊழியருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 218ஆம் பிரிவே சொன்னது. புதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. ஆனால் துறை விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் அந்த வழக்கே போட முடியும். அதிகாரியின் பொய்க்கு அதிகாரியிடமே அனுமதி கேட்கும் இந்த ஏற்பாடு போக வேண்டும். பழங்குடிகள் மீதான வன்முறையை மறைத்து எழுதினால் நேரடி வழக்கு, தண்டனையும் கூடுதல் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். வாச்சாத்திக் கொடுமையைத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமாக ஏற்று, பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும். அரசே இதை ஒப்புக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பிறகும் மறுப்பவர் மறுக்கட்டும். அவருக்குப் பதில் சொல்லத் தீர்ப்பும் பாடநூலும் சாட்சிகளும் போதும். ஆவணத்தில் பொய் எழுதும் அதிகாரிக்குத்தான் சிறைக் கதவு திறந்திருக்க வேண்டும்.