முன்பாரமும் பின்பாரமும்

வண்டியில் மொத்தம் எத்தனை மூட்டை என்று கேட்கிறோம். எந்த இடத்தில் எத்தனை மூட்டை என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஏற்றி அனுப்பும் மொத்த வியாபாரிகளும், கடைவாசலில் இறக்கிக்கொள்ளும் சில்லறை வியாபாரிகளும் இதைக் கவனித்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

மாட்டுவண்டிக் காலத்தில் இது எல்லோரும் அறிந்த சங்கதி. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். வண்டிக்காரர் மூட்டைகளை நகர்த்திச் சரிசெய்துவிட்டுத்தான் புறப்படுவார். டிராக்டர் இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே கணக்குதான். கழுத்து நோகிறது என்று காட்ட மாடு இல்லாததால் நாம் மறந்துவிட்டோம்.

கொக்கியின்மேல் இறங்கும் பாரம் அளவுக்கு மீறினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் கேட்காது. பாரம் பின்னால் போனால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். டிரெய்லர் ஆடத் தொடங்கும். அமெரிக்காவில் கார், ஜீப் இழுக்கும் டிரெய்லர்களுக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. நம் டிராக்டருக்கு அதன் கையேட்டில் உள்ள அளவே கணக்கு.

ஆபத்து அதிகம் இருப்பது இறக்கும்போதுதான். டிராக்டரைக் கழற்றி அனுப்பிவிட்டு, டிரெய்லரின் முன்புறத்தை ஒரு ஜாக்கியில் நிறுத்திவிடுகிறோம். கொக்கிக்கும் அச்சுக்கும் 3 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் உள்ள 50 கிலோ மூட்டைகள் பத்தை இறக்கினால், ஜாக்கியின்மேல் சுமார் 167 கிலோ பாரம் கூடுகிறது. சரக்கு குறைகிறது, ஆனால் ஜாக்கிக்குச் சுமை ஏறுகிறது! மாறாக, முன்மூட்டைகளை மட்டும் முதலில் இறக்கினால் டிரெய்லர் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். ஜாக்கியில் 2 டன் என்று எழுதியிருப்பது, சமமான கெட்டித் தரையில் நேராக நிற்கும்போது தாங்கும் அளவு. மண் தரைக்கும் சரிவுக்கும் அந்த எழுத்து உத்தரவாதம் அல்ல.

டிராக்டர் காத்திருந்தால் வாடகை ஏறுமே என்று சிலர் கேட்பார்கள். ஏறத்தான் செய்யும். ஆனால் டிரெய்லரின் கீழே நிற்பவர் நம் சுமைதூக்கும் தொழிலாளி. அவர் காலுக்கு வாடகைக் கணக்கு போட முடியாது. அதிக பாரம் ஏற்றினால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. அது மொத்த எடைக்கு. பாரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே கனமான சரக்கை அச்சின் மேலும் சற்று முன்னாலும் அடுக்குவோம். கடைசி மூட்டை இறங்கும்வரை டிராக்டரைக் கழற்ற வேண்டாம். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியின் கீழ் தடித்த பலகை போட்டு, பின்புறத்துக்கும் முட்டுக் கொடுத்து, முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி இறக்கச் சொல்வோம். நம் சங்கக் கூட்டங்களில் வரி, லைசென்ஸ் பற்றிப் பேசுவதுபோல் இதையும் பேசி, ஒவ்வொரு மண்டி வாசலிலும் எழுதி வைப்போம். செலவு ஒரு பலகைதான்; காப்பாற்றுவது ஒரு குடும்பத்தை.